ஓஃபீலியாவும் எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவும்

லண்டனுக்கு வேலை மாற்றலாகி வந்த முதல் குளிர்காலத்தில் டேட் பிரிட்டன் ஓவியக்கூடத்துக்குள் நான் நுழைந்ததற்குக் காரணம் மழை. பிம்லிகோ ஸ்டேஷனில் இறங்கி ஆற்றுப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். காற்றில் குடை திருப்பிக்கொண்டு கம்பி வெளியே வந்துவிட்டது. எதிரே தூண் வைத்த பெரிய கட்டடம். உள்ளே போகக் காசு கிடையாது, கதகதப்பாக இருக்கும், கழிவறையும் இருக்கும். இவ்வளவுதான் என் கலை ஆர்வம். விக்டோரியா லைன் ரயிலில் வந்து விக்டோரியா காலத்துப் படங்களில் மாட்டிக்கொண்டவள் என்று வீட்டில் இன்னும் கிண்டல் செய்கிறார்கள்.

உள்ளே ஒரு படத்தின் முன்னால் மட்டும் ஆட்கள் நகராமல் நின்றார்கள். ஓடையில் மல்லாக்க மிதக்கும் பெண். ஜான் எவரெட் மில்லே வரைந்த ஓஃபீலியா, ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் ஓடையில் விழுந்து சாகிறவள். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் தன் கூட வந்தவரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார்: இந்தப் பெண்ணைக் குளியல் தொட்டியில் படுக்கவைத்துத்தான் வரைந்தார்கள், தண்ணீர் ஆறிப்போய்விட்டது, சளி பிடித்துச் செத்தே போய்விட்டாள்.

எனக்கு நெஞ்சை அடைத்தது. கைப்பேசியில் படம் பிடித்து, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, எங்கள் குடும்பக் குழுவில் போட்டேன். “ஒரு படத்துக்காக உயிரை விட்டவள்” என்று தலைப்பு வேறு. பதினான்கு அழுகைப் பொம்மைகள் வந்தன. பெரியப்பா அதைத் தன் ஓய்வூதியர் குழுவுக்கும் அனுப்பிவைத்தார்.

அது தப்பு. தொட்டியில் படுத்தது உண்மைதான் போலிருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெண் பத்து வருடம் உயிரோடு இருந்தார்.

இது தெரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின. தெரிந்ததும் வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் ஒழுங்காகப் பார்க்கவும் படிக்கவும் ஆரம்பித்தேன். ஓவியம் படித்தவள் இல்லை நான், கணக்குத் தணிக்கை செய்கிறவள். ஆனால் ‘இந்தத் தொகைக்கு ரசீது எங்கே’ என்று கேட்கும் புத்தி இந்தப் படங்களுக்கு நன்றாகவே உதவுகிறது.

முதலில் படம். 1851 கோடையில் மில்லே சர்ரேயில் யூவெல் பக்கம் ஹாக்ஸ்மில் ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்தார். வயது இருபத்திரண்டு. ஏறக்குறைய ஐந்து மாதம், ஒரு நாளைக்குப் பதினொரு மணி நேரம் வரை, கரையை மட்டும் வரைந்தார். நடுவில் பெண் கிடக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அவர் எழுதிய கடிதத்தைப் படித்தால் சிரிப்பு வரும். சர்ரே ஈக்கள் முரட்டுத் தசைபலத்தோடு கடிக்கின்றன, வயலில் இறங்கி வைக்கோலை நாசம் செய்ததாகக் கோர்ட்டுக்கு இழுக்கப் பார்க்கிறார்கள், காற்று என்னைத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிடும், ஒரு கொலைகாரனுக்குத் தூக்கைவிட இதுதான் பெரிய தண்டனை என்கிற மாதிரிப் புலம்பல். தண்ணீரில் ஒரு நீரெலியும் வரைந்திருந்தார். நண்பர் ஹோல்மன் ஹன்டின் உறவினர்கள் வந்து பார்த்து முயலா, நாயா, பூனையா என்று ஆளுக்கொன்று சொல்ல, எலி போயே போய்விட்டது.

மாதக் கணக்கில் உட்கார்ந்ததால் வெவ்வேறு பருவத்துப் பூக்கள் அந்த ஒரே கரையில் ஒன்றாகப் பூத்திருக்கின்றன. கழுத்தைச் சுற்றி வயலட் சரம், தண்ணீரில் டெய்சி, பான்ஸி, சிவப்பாக ஒரு பாப்பி. பாப்பி ஷேக்ஸ்பியரின் வரிகளில் இல்லை. தூக்கத்துக்கும் சாவுக்கும் அடையாளமாக மில்லே சேர்த்தது. மாடலாக இருந்த பெண் பிற்பாடு அபின் கலந்த லாடனம் மருந்து அதிகமாகி இறந்தார் என்பதால், இந்தப் பூ முன்னமே காட்டிக்கொடுத்துவிட்டது என்று சிலர் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். 1852-ல் முடிந்த படம். சாவு 1862-ல். ஓவியர் ஜோசியம் பார்த்து வரையவில்லை.

இதை எப்படிப் பார்ப்பது என்று எனக்கு நானே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் ஒட்டியிருக்கும் விவரக் குறிப்பைப் பத்து நிமிடம் படிப்பதில்லை. நேர் எதிரே நிற்பதும் இல்லை, கண்ணாடியில் நம் மூஞ்சியும் விளக்கும்தான் தெரியும். ஒரு பக்கமாக இரண்டடி ஒதுங்கி நின்றால் பச்சை வேறு பச்சையாகிவிடுகிறது. மில்லேவும் ஹன்டும் பளீரென்ற வெள்ளைப் பூச்சின் மேல், சில இடங்களில் அந்த வெள்ளை காய்வதற்கு முன்பே, மெல்லிசாக வண்ணம் ஏற்றினார்கள். அதனால்தான் இலைகள் பின்னாலிருந்து வெளிச்சம் போட்ட மாதிரி இருக்கின்றன. அந்த ஒதுங்கிய இடத்திலிருந்துதான், உடையின் ஒரு பகுதி இன்னும் காற்றை அடக்கிக்கொண்டு மிதப்பதையும், மற்றப் பகுதி நனைந்து கீழே இழுப்பதையும் முதல் தடவை கவனித்தேன். வெள்ளி நூல் வேலை செய்த பழைய உடை, அழுக்காகவும் இருந்ததாம். நான்கு பவுண்டு கொடுத்து வாங்கியதாக மில்லே எழுதியிருக்கிறார். உதடு திறந்திருக்கிறது. நாடகத்தின்படி அவள் பாடிக்கொண்டே போகிறாள்.

அந்தச் சாவை நாடகத்திலும் யாரும் மேடையில் பார்ப்பதில்லை. ராணி வந்து சொல்கிறாள், அவ்வளவுதான். அவள் அங்கே நின்று பார்த்தாளா, பார்த்தால் ஏன் தூக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். நான் தொட்டிக் கதையைக் கேட்டதும் இப்படித்தானே, யாரோ சொல்ல.

அதற்கு ரசீது தேடினேன். கதை விரிவாக வருவது மில்லேயின் மகன் 1899-ல் வெளியிட்ட அப்பாவின் வாழ்க்கை வரலாற்றில். சம்பவம் நடந்து நாற்பத்தேழு வருடம் கழித்து. அதன்படி, கௌவர் தெரு வீட்டில் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அடியில் விளக்குகள் வைத்துச் சூடு குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். படம் முடியும் தறுவாயில் விளக்குகள் அணைந்தன. வரைகிற மும்முரத்தில் மில்லே கவனிக்கவில்லை. அந்தப் பெண்ணும் விறைத்துப் போகும்வரை வாய் திறக்கவில்லை. பிறகு அவருடைய அப்பா ஐம்பது பவுண்டு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவதாக மிரட்டினார். மில்லே வைத்தியச் செலவைக் கட்டினார். பெண் சீக்கிரம் குணமாகிவிட்டார், ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று மகன் முடிக்கிறார். இந்தப் புத்தகம் வரும்போது மில்லே இறந்து மூன்று வருடம், அந்தப் பெண் இறந்து முப்பத்தேழு வருடம். தொட்டிக்குள் கிடந்தவர் அது எப்படி இருந்தது என்று சொல்லி ஒரு வரியும் நான் பார்க்கவில்லை.

அவர் பெயர் எலிசபெத் சிடல். குழுவில் போடும்போது ‘அவள்’ என்று எழுதினேன், இப்போது ‘அவர்’ என்றுதான் கை எழுதுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

தொப்பிக் கடையில் வேலை பார்த்தவர். மில்லேயும் அவரும் ஒரே வருடத்தில், 1829-ல், பிறந்தவர்கள். தொட்டியில் கிடந்தவருக்கும் தூரிகை பிடித்தவருக்கும் ஒரே வயது என்பதை நான் எதிர்பார்க்கவேயில்லை. வீட்டார் பெயரில் கடைசியில் இரண்டு ‘எல்’ உண்டு. கவிஞரும் ஓவியருமான ரோஸெட்டி அதில் ஒன்றை எடுத்துவிட்டார், அப்படியே நிலைத்துவிட்டது. 1860-ல் ரோஸெட்டியை மணந்தார். அடுத்த வருடம் குழந்தை இறந்தே பிறந்தது. 1862 பிப்ரவரியில் லாடனம். ரோஸெட்டி தன் கவிதைக் கையெழுத்துப் பிரதியைப் பெட்டிக்குள் வைத்துப் புதைத்தார், 1869-ல் அது திரும்ப வேண்டும் என்று ஹைகேட் கல்லறையைத் தோண்டவைத்தார். அவர் அந்த இடத்துக்குப் போகவில்லை. ஏற்பாடெல்லாம் சார்லஸ் ஹவல் என்பவர். உடல் கெடாமல் இருந்தது, பொன்னிறக் கூந்தல் பெட்டி முழுக்க வளர்ந்திருந்தது என்றெல்லாம் அதன்பின் கதை பரவியது. ஹவல் அளப்பதில் பேர்போனவர். செத்தபின் கூந்தல் வளராது.

இந்தக் கல்லறைக் கதையையும் தொட்டிக் கதையையும் ஆயிரம் பேர் சொல்வார்கள். சிடல் படம் வரைந்தவர் என்பதைச் சொல்கிறவர்கள் குறைவு. 1855-ல் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் அவருடைய படங்களுக்காக வருடம் 150 பவுண்டு வரை கொடுக்க ஒப்புக்கொண்டார். 1857-ல் லண்டன் ரஸல் பிளேஸில் ப்ரீ-ரஃபேலைட் கூட்டத்தார் (மில்லே, ஹன்ட், ரோஸெட்டி எல்லாம் சேர்ந்த ஓவியர் குழு) நடத்திய கண்காட்சியில் படம் வைத்த ஒரே பெண் அவர்தான். 2023-ல் டேட் பிரிட்டனில் ரோஸெட்டி குடும்பத்தைப் பற்றி நடந்த கண்காட்சியில் அவருடைய நீர்வண்ணப் படங்களைப் பார்த்தேன். எல்லாம் சின்னச் சின்னது, நம் பள்ளிக்கூட நோட்டு அளவு. கோடுகள் கொஞ்சம் விறைப்பாக, நிறங்கள் நகையில் பதித்த கல் மாதிரி. குனிந்துதான் பார்க்க வேண்டும். முதுகு வலிக்க ஒரு மணி நேரம் குனிந்து பார்த்தபிறகு ‘அவள்’ என்று எழுத வரவில்லை.

அவர் எண்ணெய் வண்ணத்தில் தன்னையே வரைந்த ஒரு வட்டப் படமும் உண்டு, அதை அச்சில்தான் பார்த்திருக்கிறேன். ரோஸெட்டி வரைந்த சிடல் பெரும்பாலும் கண்ணைத் தாழ்த்திக் கனவில் இருப்பார். தானே வரைந்ததில் உதட்டை இறுக்கி, இமை கனக்க, நம்மைப் பார்த்து ‘என்ன?’ என்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காசு செலவில்லாத நல்ல பயிற்சி.

இதில் ஒரு நடைமுறை விஷயம். தாளில் வரைந்த நீர்வண்ணப் படங்கள் வெளிச்சத்தில் வெளுத்துவிடும், ஆகையால் அவற்றை நிரந்தரமாகச் சுவரில் மாட்ட மாட்டார்கள். சிடலின் படங்கள் கண்ணில் படாததற்கு இதுவும் ஒரு காரணம். டேட் பிரிட்டனில் இப்படிப் பட்டவற்றைப் பார்க்கத் தனி அறை இருக்கிறது, முன்கூட்டியே கேட்டு நேரம் வாங்கிக்கொண்டு போகலாம். யாரும் நம்மைப் பார்த்து ‘நீ என்ன ஆராய்ச்சி செய்கிறாய்’ என்று கேட்பதில்லை. நான் பயந்துகொண்டேதான் போனேன். பென்சில் மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

எண்ணெய்ப் படங்களும் எப்போதும் சுவரில் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. வேறு ஊர்க் கண்காட்சிக்கு இரவல் போயிருக்கும், இல்லையென்றால் கிடங்கில் இருக்கும். கூடத்தின் இணையதளத்தில் அந்தப் படத்தின் பக்கத்திலேயே காட்சியில் இருக்கிறதா என்று போட்டிருப்பார்கள். இதை நான் கற்றுக்கொண்டது என் அத்தையின் முழங்கால் செலவில்.

அத்தை பாளையங்கோட்டையிலிருந்து ஆறு வாரம் வந்து தங்கியிருந்தார். அகஸ்டஸ் எக் என்பவர் 1858-ல் வரைந்த மூன்று படத் தொகுப்பைக் காட்டுகிறேன் என்று பெருமையாக அழைத்துப் போனேன். ‘கடந்ததும் நிகழ்வதும்’ என்று இப்போது அதற்குப் பெயர். போய்ப் பார்த்தால் மூன்றுமே சுவரில் இல்லை. அத்தை பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் உறுத்தியது. வீட்டுக்கு வந்து, இட்லிக்கு அரிசி ஊறப்போட்டுவிட்டு, மடிக்கணினியில் அதே படங்களைப் பெரிதாக்கிக் காட்டினேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது.

முதல் படம் ஒரு வீட்டுக் கூடம். ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான், கையில் காகிதம். தரையில் ஒரு பெண் குப்புற விழுந்து கிடக்கிறாள்.

“ஏட்டி, கடுதாசி சிக்கிட்டு,” என்றார் அத்தை, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு. “இவ மாட்டிக்கிட்டா.”

அப்புறம் நிற்கவேயில்லை. பிள்ளைகள் சீட்டுக்கட்டில் வீடு கட்டுகிறார்கள், அது சரிகிறது. ஆப்பிளை இரண்டாக வெட்டி ஒரு பாதி தரையில், மறுபாதியில் கத்தி. அவன் காலடியில் சின்னதாய் ஒரு படம் மிதிபடுகிறது, “அது அந்த இன்னொருத்தன் படம்லா?” கண்ணாடியில் வாசல் திறந்து தெரிகிறது, “வெளிய போன்னுட்டான்.” சுவரில் மாட்டியிருந்த இரண்டு படங்களை மட்டும் நான் சொல்ல வேண்டியிருந்தது: மனைவியின் சித்திரத்துக்கு மேலே ஏதேனிலிருந்து விரட்டப்படும் ஆதாம் ஏவாள், கணவனுடையதற்கு மேலே உடைந்த கப்பல். மற்ற இரண்டு படங்களையும் காட்டினேன். ஒன்றில் வளர்ந்த மகள்கள் ஒரு மாடி அறையில், இன்னொன்றில் தேம்ஸ் கரையில் கல் வளைவுக்கடியில் அந்தத் தாய், சால்வைக்குள்ளிருந்து ஒரு கைக்குழந்தையின் கால்.

“ரெண்டுலயும் ஒரே நிலா பாத்தியா. ஒரே ராத்திரி,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த இன்னொருத்தன் எந்தப் படத்துலயும் இல்லயே?”

1858-ல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் இந்தப் படங்கள் தலைப்பே இல்லாமல்தான் தொங்கின. நாட்குறிப்பிலிருந்து எடுத்த மாதிரி எக் எழுதிச் சேர்த்த சில வரிகள் மட்டும் உண்டு. கூட்டம் இப்படித்தான் துப்புத் துலக்கிப் பார்த்திருக்கும். அந்தக் காலத்து ஓவியர்கள் மேசையில், தரையில், கண்ணாடியில் கதையை ஒளித்துவைத்தது இதற்குத்தான். ஆகவே புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது: முகத்தை விட்டுவிட்டுத் தரையிலிருந்து ஆரம்பியுங்கள். என்ன விழுந்து கிடக்கிறது, கண்ணாடியில் என்ன தெரிகிறது, விரல்களில் என்ன இருக்கிறது. கூட ஒரு அத்தை இருந்தால் இன்னும் நல்லது.

விரல் என்றதும் ஹோல்மன் ஹன்டின் ‘விழித்தெழும் மனசாட்சி’. 1853. ஒரு பணக்காரனின் மடியிலிருந்து ஒரு பெண் திடுக்கிட்டு எழுகிறாள். எல்லா விரலிலும் மோதிரம், கல்யாண மோதிர விரலைத் தவிர. மேசைக்கடியில் பூனை ஒரு பறவையைப் பிடித்துவைத்திருக்கிறது. மாடல் ஆனி மில்லர். ஆனால் நாம் இப்போது பார்ப்பது ஹன்ட் முதலில் வரைந்த முகம் இல்லை. வாங்கிய தாமஸ் ஃபேர்பேர்னுக்கு அந்த வேதனை முகத்தோடு ஒரே வீட்டில் இருக்க முடியவில்லை, ஹன்ட் மாற்றி வரைந்தார். ரோஸெட்டியின் ‘லேடி லிலித்’தும் அப்படித்தான். முதலில் ஃபேனி கார்ன்ஃபோர்த்தின் முகம், 1872-73-ல் அதன்மேல் அலெக்ஸா வில்டிங்கின் முகம். மாடல் இன்னார் என்று எழுதியிருந்தால், எந்த வருடத்து முகம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனி மில்லரை ஹன்ட் மணக்கப் பார்த்தார், நடக்கவில்லை. அவர் வேறொருவரை மணந்து, பிள்ளை பெற்று, தொண்ணூறு வயது வாக்கில் 1925-ல் இறந்தார். அழுகைப் பொம்மை போட இதில் ஒன்றும் இல்லை, அதனால்தானோ என்னவோ யாரும் இதை ஃபார்வர்ட் செய்வதில்லை.

ஃபேனி ஈட்டனை நான் ரொம்ப நாள் கவனிக்கவேயில்லை. ரோஸெட்டியின் ‘காதலி’ என்ற படத்தில் நடுவில் மணப்பெண், அந்த முகம் மேரி ஃபோர்ட் என்ற மாடலுடையது. பின்னால் பாதி மறைந்து ஒரு கறுப்பினப் பெண்ணின் முகம். அதுதான் ஈட்டன். 1835-ல் ஜமைக்காவில் பிறந்தவர், அம்மா அடிமையாக இருந்து விடுதலையானவர். லண்டனுக்கு வந்து, குதிரை வண்டி ஓட்டும் கணவனோடு பெரிய குடும்பம் நடத்திக்கொண்டே ஓவியர்களுக்கு உட்கார்ந்தார். 1860-ல் சிமியன் சாலமன் வரைந்த ‘மோசேயின் தாய்’ படத்தில் தாயாக நடுவில் நிற்கிறார், பின்னால் இல்லை. 1861-ல் ஜோனா பாய்ஸ் வெல்ஸ் என்ற பெண் ஓவியர் வரைந்த சிறு படத்தில் பக்கவாட்டில் ஒரு ராணி மாதிரி இருக்கிறார். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகக் கூடத்தில் இருக்கிறது, இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஒரே ஆளை மூன்று பேர் வரைந்ததைத் தேடித் தேடிப் பார்ப்பது எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது. எது அந்த ஆளின் முகம், எது ஓவியரின் கைவாகு என்று அதில் கொஞ்சமாவது பிரிபடும்.

இப்படிப் பெயர் தெரிந்த மாடல்களைப் பற்றிப் பேசும்போது ஒன்று மனதைக் குடைகிறது. ஜூலியா மார்கரெட் கேமரன், ஓவியர்களோடு பழகி அவர்கள் படம் மாதிரியே புகைப்படம் எடுத்தவர், ஐல் ஆஃப் வைட்டில் தன் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரை மாதாவாக உட்காரவைத்து எடுத்தார். மேரியின் பெயர் நிலைத்துவிட்டது. 1875-ல் கேமரன் குடும்பம் காப்பித் தோட்டம் இருந்த இலங்கைக்குப் போனது. 1879-ல் அங்கேயே இறந்தார், கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. அந்தக் கடைசி வருடங்களில் அங்கிருந்த உழைப்பாளிகளையும் எடுத்தார். ஒரு படத்துக்குக் களுத்துறைக் குடியானவர்கள் என்று தலைப்பு. ஆட்கள் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். பெயர் இல்லை. அங்கே ரசீது தேடி நான் தோற்றுப்போனேன்.

அத்தை ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம்தான் குழுவில் திருத்தம் போட்டேன். சிடல் தொட்டியில் சாகவில்லை, பத்து வருடம் இருந்தார், படம் வரைந்தார், அப்பா ஐம்பது பவுண்டு கேட்டார், மில்லே வைத்தியச் செலவு கட்டினார், எல்லாம் எழுதினேன். முதல் பதிவுக்குப் பதினான்கு பொம்மை வந்த இடத்தில் இதற்குப் பெரியப்பாவின் ஒரு கட்டைவிரல் மட்டும். அவருடைய ஓய்வூதியர் குழுவுக்கு இது போகவில்லை என்று நினைக்கிறேன்.

அத்தை சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, தன் கைப்பேசியில் நான் எழுதியதை எழுத்துக் கூட்டிப் படித்தார். முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஆசுபத்திரிச் செலவு கட்டிட்டான்னு யாருட்டி எழுதினது?”

“அவரு மகன், அத்தை.”

“ம்,” என்றார்.